ஓப்பன் கோல்ப்: தோல் பட்டியிலிருந்து பெற்றிங் கடை வரை



இம்மாதப் பேச்சுக்குக் கோல்ப் விளையாட்டை எடுத்துக்கொண்டேன் என்றதும் நிலையத்து நண்பர்கள் சிரித்தார்கள். "எங்கட சனத்துக்கும் கோல்புக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கிரிக்கெட் எங்கள் ஒழுங்கைகளில் வளர்ந்தது. உதைபந்தாட்டத்துக்கு ஊருக்கு ஊர் மைதானம் இருந்தது. கோல்ப் என்பதோ வெள்ளைக்காரத் துரைமார் நுவரெலியாவிலும் கொழும்பு பொரளையிலும் விட்டுப்போன பச்சைப் புல்வெளி. களனிவெளி ரயிலில் போனவர்கள் ரோயல் கொழும்பு கோல்ப் கழகத்தின் புல்வெளிக்கு நடுவே தண்டவாளம் போவதைக் கண்டிருப்பார்கள். ரயில் யன்னலால் பார்த்ததோடு எங்களில் பெரும்பாலானவர்களின் கோல்ப் அறிவு முடிந்தது.

ஆனாலும் சம்பந்தம் ஒன்று உண்டு. அது புல்வெளி வழியாக வரவில்லை, பெற்றிங் கடை வழியாக வந்தது. இந்த பிளேஸ்டோ வட்டாரத்துக் கடையொன்றில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பதினொரு வருடம் காசாளராக வேலை செய்தவன் நான். வருடம் முழுவதும் குதிரையும் நாயும் பந்தும்தான். யூலை நடுப்பகுதியில் ஓப்பன் போட்டி வந்தால் மட்டும், குதிரைக்காரர்கள்கூடக் கோல்ப் துண்டு எழுதுவார்கள். அவர்களில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள். பலருக்கு விளையாட்டின் விதியும் தெரியாது, காசு எப்படிக் கணக்குப் பார்க்கப்படும் என்பதும் தெரியாது. "தம்பி, இதில ஆர் நல்லவன்?" என்று என்னிடமே கேட்பார்கள்.

இது பந்தயம் கட்டப் பழக்கும் பேச்சு அல்ல. கட்டாதே என்று பிரசங்கம் செய்யும் பேச்சும் அல்ல. கட்டுகிறவருக்கும், கட்டுகிறவரோடு ஒரே வீட்டில் வாழ்கிறவருக்கும் வரலாறும் கணக்கும் தெரிந்திருந்தால் நல்லது என்பது என் எண்ணம்.

பந்தயத்தோடு வளர்ந்த விளையாட்டு

கோல்பின் தாய்நாடு ஸ்கொட்லாந்து. 1457-இல் அந்த நாட்டுப் பாராளுமன்றம் கோல்பையும் உதைபந்தாட்டத்தையும் தடைசெய்து சட்டம் போட்டது. இளைஞர்கள் வில்வித்தைப் பயிற்சியை விட்டுவிட்டு இவற்றின் பின்னால் போகிறார்கள் என்பதுதான் காரணம். தடை நிலைக்கவில்லை.

19-ஆம் நூற்றாண்டில் கோல்ப் பெரும்பாலும் நேருக்கு நேர் மோதும் பந்தய ஆட்டமாக இருந்தது. பணக்காரக் கனவான்கள் ஆளுக்கொரு ஆட்டக்காரரை வைத்துப் பணம் கட்டுவார்கள். ஆடுகிறவர்கள் பந்து செய்து விற்பவர்களும், கனவான்களின் தடிகளைச் சுமப்பவர்களுமான தொழிலாளர்கள். எங்கள் ஊர் மாட்டுவண்டிச் சவாரியில் வண்டி ஓட்டுகிறவரைவிடக் கரையில் நிற்பவர் மடியில் காசு கூட இருப்பது போலத்தான். 1849-இல் சென்ட் அன்ட்ரூஸைச் சேர்ந்த அலன் றொபேட்சனும் ரொம் மொறிஸும் ஒரு பக்கம், மஸல்பறோவின் டன் சகோதரர்கள் மறுபக்கம் என்று நடந்த ஆட்டத்துக்கு வைக்கப்பட்ட பணம் 400 பவுண். ஒரு தொழிலாளி வாழ்நாளில் ஒன்றாகக் காணாத தொகை அது. வென்றது சென்ட் அன்ட்ரூஸ் சோடி.

அலன் றொபேட்சன் 1859-இல் இறந்தார். தம் காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்தவர் அவர். அடுத்த முதல்வர் யார் என்ற கேள்வி எழுந்தது. அதைத் தீர்க்கவே ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள பிறெஸ்ற்விக் கழகம் 1860 ஒக்ரோபர் 17-ஆம் திகதி ஒரு போட்டியை வைத்தது. வந்தவர்கள் எட்டே எட்டுப் பேர். அவர்களில் ஒருவர் தேம்ஸ் நதிக்கு அக்கரையில், எங்களுக்குக் கூப்பிடு தூரத்திலிருக்கும் பிளாக்ஹீத்திலிருந்து போனவர். 12 குழிகள் கொண்ட திடலை ஒரே நாளில் மூன்று தரம் சுற்றினார்கள். 36 குழிகளுக்கு 174 அடி அடித்து வில்லி பார்க் வென்றார். இரண்டு அடி கூட அடித்த ரொம் மொறிஸ் இரண்டாவது. பரிசுப் பணம் கிடையாது. சிவப்புத் தோலில் செய்து வெள்ளி பதித்த ஒரு பட்டியை, அதாவது பெல்ற்றை, வென்றவர் ஒரு வருடம் வைத்திருக்கலாம். அடுத்த வருடம் தொழில்முறையல்லாத ஆட்டக்காரருக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள். 'ஓப்பன்' என்ற பெயருக்குப் பொருள் அதுதான்.

இன்னொரு கணக்கையும் நினைவில் வைத்திருங்கள். அந்த எட்டுப் பேர் பிறெஸ்ற்விக்கில் பந்தடித்த அதே நாட்களில், மதராசில் புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் தென்னாபிரிக்காவை நோக்கிக் கடலில் போய்க்கொண்டிருந்தது. தமிழரும் தெலுங்கருமாகக் கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகள் அதில் இருந்தார்கள். 1860 நவம்பர் 16-ஆம் திகதி அது டேர்பன் துறைமுகத்தை அடைந்தது. அந்த டேர்பனுக்குப் பிறகு வருவோம்.

பட்டி போய்க் குடுவை வந்த கதை

தொடர்ந்து மூன்று தடவை வென்றவருக்குப் பட்டி சொந்தம் என்பது விதி. ரொம் மொறிஸின் மகன், அவரும் ரொம்தான், 1868, 1869, 1870 என்று மூன்று வருடமும் வென்று பட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். கொடுக்கப் பரிசு இல்லாததால் 1871-இல் போட்டியே நடக்கவில்லை. பிறகு மூன்று கழகங்கள் ஆளுக்குப் பத்துப் பவுண் போட்டு வெள்ளியில் ஒரு வைன் குடுவை செய்வித்தன. அதுதான் இன்றும் கொடுக்கப்படும் 'கிளறற் ஜக்'. 1872-இல் மீண்டும் வென்றவர் அதே இளைய ரொம். ஆனால் குடுவை அப்போது தயாராகவில்லை. அவருக்குக் கிடைத்தது பதக்கம் மட்டுமே.

அந்த இளைஞரின் முடிவு துயரமானது. 1875 செப்ரெம்பரில் அவர் நோர்த் பெறிக்கில் பணத்துக்கான பந்தய ஆட்டமொன்றில் நின்றபோது, பிரசவத்தில் மனைவி ஆபத்தான நிலையில் இருப்பதாகத் தந்தி வந்தது. அவர் வீடு போய்ச் சேருமுன் மனைவியும் பிள்ளையும் இறந்துவிட்டார்கள். அந்த வருடக் கிறிஸ்மஸ் தினத்தன்று அவரும் இறந்தார். வயது 24.

அதன்பின் போட்டி மெல்ல மெல்ல வளர்ந்தது. 1892-இல் 36 குழிகள் 72 ஆகின. இன்றைக்கும் அதே 72தான். 1894-இல் முதல்முறையாக ஸ்கொட்லாந்தை விட்டு இங்கிலாந்துக்கு வந்து, கென்ற் மாகாணத்தின் சான்ட்விச் என்ற சிற்றூரில் ரோயல் சென்ட் ஜோர்ஜஸ் திடலில் நடந்தது. டோவர் வழியாக இந்த நாட்டுக்குள் வந்தவர்களுக்கு அந்தக் கரை தெரிந்திருக்கும், சான்ட்விச் அங்கிருந்து கிட்டத்தான். 1951-இல் வட அயர்லாந்தின் போட்றஷுக்கும் போனது. 1966-இல் நாளுக்கு ஒரு சுற்று, மொத்தம் நான்கு நாள் என்ற ஒழுங்கு வந்தது. 1980 முதல் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை.

மழையில் நின்ற ஒருவர்

டேர்பனுக்கு வருவோம். ட்ரூரோவுக்குப் பின் வந்த கப்பல்களில் இறங்கிய இந்தியத் தொழிலாளரின் வழிவந்தவர் சிவ்சங்கர் சிவ்கோலம். 'பப்வா' என்றால்தான் ஊருக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவர். வெள்ளையரின் தடிகளைச் சுமக்கும் பையனாக இருந்து தானே ஆடப் பழகியவர். எல்லோரும் பிடிப்பதற்கு நேரெதிராகக் கையை மாற்றித் தடியைப் பிடிப்பார். அந்தப் பிடியோடு 1959-இலும் 1960-இலும் ஒல்லாந்து ஓப்பனை வென்றார்.

1963-இல் டேர்பனில் நேட்டால் ஓப்பன் போட்டியை வென்றார். வெள்ளையர் அல்லாதவர் கழகக் கட்டடத்துக்குள் நுழையக்கூடாது. வெளியே மழை பெய்தது. மற்றவர்கள் உள்ளே இருக்க, வெற்றிக் கிண்ணத்தை வெளியே மழையில் நின்று வாங்கினார். அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. அதே வருடம் இங்கிலாந்தில் லிதம் திடலில் நடந்த ஓப்பனில் ஆடி, சமநிலையில் 13-ஆவது இடத்தைப் பிடித்தார். 1965-இல் நேட்டால் ஓப்பனை மீண்டும் வென்றபோது அவருக்குப் பின்னால் வந்தவர் உலகப் புகழ்பெற்ற கரி பிளேயர். அதன் பிறகு நிறவெறி அரசு தன் நாட்டுப் போட்டிகளில் அவரை ஆடவிடவில்லை. 1978-இல் வறுமையில் இறந்தார். இன்று டேர்பனில் ஒரு கோல்ப் திடலுக்கு அவர் பெயர் இருக்கிறது.

'எல்லோருக்கும் திறந்தது' என்ற பெயர் தாளில் இருப்பது வேறு, வாசலில் இருப்பது வேறு. இதை எங்கள் சனத்துக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

போட்டி நடக்கும் ஒழுங்கு

இப்போது ஒழுங்கைப் பார்ப்போம். ஓப்பனில் 156 பேர் ஆடுவார்கள். பலர் உலகத் தரவரிசையாலும் முந்திய வெற்றிகளாலும் இடம் பெறுவார்கள். சிலர் ஒரே நாளில் 36 குழிகள் ஆடும் இறுதித் தகுதிகாண் சுற்றில் வென்று உள்ளே வருவார்கள். வியாழன் முதல் ஞாயிறு வரை நாளுக்கு 18 குழிகள். நான்கு நாளும் அடித்த அடிகளைக் கூட்டினால் யாருக்குக் குறைவோ அவர் வெற்றியாளர். கிரிக்கெட்டுக்கு நேர்மாறு, இங்கே எண்ணிக்கை குறைந்தால்தான் நல்லது.

வெள்ளிக்கிழமை மாலை 'கட்' விழும். முதல் 70 இடத்துக்குள் இருப்பவர்களும் 70-ஆவது இடத்தில் சமமாக இருப்பவர்களும் மட்டுமே சனி, ஞாயிறு ஆடலாம். ஏறக்குறைய பாதிப்பேர் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அவர்கள்மேல் காசு கட்டியவரின் ஓப்பனும் அன்றோடு சரி.

நான்கு நாள் முடிவில் இருவரோ மூவரோ சமமாக நின்றால் மேலதிக ஆட்டம். முன்பு அது முழுநாள் ஆட்டமாக இருந்தது. 1989 முதல் நான்கு குழிகளாகி, 2019 முதல் மூன்று குழிகளாகிவிட்டது. அதிலும் சமம் என்றால் ஒவ்வொரு குழியாக ஆடித் தீர்ப்பார்கள்.

பந்தயக்காரர் கவனிக்காத முக்கியமான ஆட்டக்காரர் ஒருவர் உண்டு. அவர் பெயர் காற்று. ஓப்பன் எப்போதும் கடலோரத் திடலில்தான் நடக்கும். முதல் இரண்டு நாளும் விடிய ஆறரை மணியளவில் முதல் குழு புறப்பட்டால் கடைசிக் குழு பின்னேரம்தான் புறப்படும். காலையில் ஆடியவருக்கு அமைதியான கடலும், பின்னேரம் ஆடியவருக்குப் புயலும் வாய்க்கலாம். 2002-இல் மியூர்பீல்ட் திடலில் சனிக்கிழமை மழையும் காற்றும் அடித்தபோது, உலகின் முதல்நிலை வீரராக இருந்த ரைகர் வூட்ஸ் 81 அடித்தார். அந்த வருடத்தின் முதல் இரண்டு பெரிய போட்டிகளை வென்றுவிட்டு வந்தவர் அவர். யாருக்கு எந்த நேரம் கிடைக்கும் என்பதும், அந்த நேரத்தில் எந்தக் காற்று வீசும் என்பதும் கடையில் நின்று துண்டு எழுதுகிறவரின் கையில் இல்லை.

காசைக் கணக்குப் பார்க்கும் விதம்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள்.

கோல்ப் பந்தயத்தில் அதிகம் எழுதப்படுவது 'ஈச்-வே'. பலர் அதை ஒரு பந்தயம் என்று நினைக்கிறார்கள். அது இரண்டு பந்தயம். ஐந்து பவுண் ஈச்-வே என்று எழுதினால் பத்துப் பவுண் கொடுக்க வேண்டும். ஐந்து பவுண் அவர் வெல்வார் என்பதற்கு, மற்ற ஐந்து அவர் முன்னணி இடங்களுக்குள் வருவார் என்பதற்கு. ஒருவருக்கு 40-க்கு 1 என்ற விகிதம், முதல் ஐந்து இடத்துக்கு விகிதத்தில் கால்பங்கு என்று வைப்போம். அவர் தனியாக நான்காவது வந்தால் வெற்றிக்கான ஐந்து பவுண் போய்விடும். இடத்துக்கான ஐந்து பவுணுக்கு, 40-இல் கால்பங்கான 10-க்கு 1 வீதம் 50 பவுணும் போட்ட ஐந்தும் வரும். கையில் 55, இலாபம் 45.

அவர் ஐந்தாம் இடத்தில் வேறு மூவரோடு சமமாக வந்தால்? இருப்பது ஒரு இடம், நிற்பது நான்கு பேர். போட்ட காசை நான்காகப் பிரிப்பார்கள். ஐந்து பவுணில் ஒன்றேகால் பவுணுக்குத்தான் கணக்கு. அதற்கு பன்னிரண்டரைப் பவுணும் அந்த ஒன்றேகாலும் சேர்த்து 13 பவுண் 75 சதம் வரும். பத்துப் பவுண் போட்டவருக்கு இலாபம் 3 பவுண் 75. "ஐம்பத்தைஞ்சு எல்லோ வரவேணும், என்னை ஏமாத்துறாய்" என்று கண்ணாடியில் தட்டியவர்கள் பலர். ஏமாற்று இல்லை, சுவரில் ஒட்டிய விதியில் இருக்கிறது. ஆனால் சுவரில் ஒட்டிய விதியை வாசித்தவரை நான் கண்டதில்லை. கோல்பில் பலர் சமமாக நிற்பது சாதாரணம். அதனால் இந்தப் பிரிப்பும் சாதாரணம்.

அடுத்தது கடைக்காரரின் பங்கு. முதல் இரண்டு நாளும் மும்மூன்று பேராக ஆடுவார்கள். அந்த மூவரில் அன்று குறைவாக அடிப்பவர் யார் என்று ஒரு பந்தயம் உண்டு. மூவரும் சமபலம் உள்ளவர்கள், ஒவ்வொருவருக்கும் 13-க்கு 8 விகிதம் என்று வைப்போம். அதாவது எட்டுப் பவுண் போட்டால் பதின்மூன்று இலாபம். மூவர்மேலும் எட்டு எட்டாக 24 பவுண் போடுங்கள். அவர்களில் ஒருவர் வென்றே தீருவார் என்று வையுங்கள். திரும்பி வருவது 21 பவுண். எவர் வென்றாலும் மூன்று பவுண் கடையில் நின்றுவிடும். போட்டதில் எட்டில் ஒரு பங்கு. மூன்று பேர் ஆட்டத்திலேயே இப்படி என்றால், 156 பேருக்கும் விகிதம் போட்ட பட்டியலில் ஒவ்வொரு பெயரிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கடைக்காரர் யார் வெல்வார் என்று ஊகிப்பதில்லை. யார் வென்றாலும் தனக்கு மிஞ்சும்படி விலை போடுகிறார்.

கெட்டித்தனமும் அதிர்ஷ்டமும்

எல்லாம் தெரிந்தவர் வெல்லலாமே என்பீர்கள். 2003 யூலையைப் பார்ப்போம். மேலே சொன்ன சான்ட்விச் திடல். பீஜித்தீவில் பிறந்த இந்திய வம்சாவளி வீரர் விஜய் சிங் நல்ல ஆட்டத்தில் இருந்த காலம். டென்மார்க்கின் தோமஸ் பியோர்ன் கடைசி நாள் முன்னணியில் நின்றார். 16-ஆவது குழியில் அவருடைய பந்து மணல்குழிக்குள் விழுந்தது. வெளியே எடுக்க மூன்று அடி எடுத்தது. கிண்ணத்தைத் தூக்கியவர் பென் கேர்ட்டிஸ் என்ற அமெரிக்க இளைஞர். உலகத் தரவரிசையில் 396-ஆவது இடம். அவர் ஆடிய முதலாவது பெரிய போட்டியே அதுதான். சிங்கும் பியோர்னும் ஒரு அடியால் தோற்று இரண்டாம் இடத்தைப் பங்கிட்டார்கள்.

அதற்கு நான்கு வருடம் முன், 1999-இல் கார்னூஸ்ரியில், பிரெஞ்சுக்காரர் ஜோன் வான் டி வெல்ட் கடைசிக் குழிக்கு வரும்போது மூன்று அடி முன்னணியில் இருந்தார். ஆறு அடியில் முடித்தாலே கிண்ணம் அவருக்கு. ஓடைக்குள் பந்தை விட்டு ஏழு அடித்தார். மேலதிக ஆட்டத்தில் வென்றவர், அன்று காலை பத்து அடி பின்னால் நின்ற ஸ்கொட்லாந்துக்காரர் போல் லோறி. தகுதிகாண் சுற்றில் ஆடி உள்ளே வந்தவர் அவர்.

அந்த 2003 ஓப்பனில் எங்கள் கடைக்கு வந்த ஒரு அண்ணையை மறக்க முடியாது. விஜய் என்ற பெயரைக் கண்டு "எங்கட பெயர்" என்று ஐந்து பவுண் ஈச்-வே எழுதினார். இரண்டாம் இடத்துக்கான காசு வந்தது. எனக்கும் தேத்தண்ணி வாங்கித் தந்தார். அந்த வெற்றிதான் அவரைக் கடைக்குப் பழக்கியது. அடுத்த ஓப்பன் வர ஒரு வருடம் இருந்தது. சுவரோரத்து றூலற் மெஷின் இருபது செக்கனுக்கு ஒரு தரம் சுற்றியது. சில மாதங்களில் சீட்டுக் காசும் அதற்குள் போனது. ஒருநாள் அவரின் மனைவி பிள்ளை வண்டிலோடு வந்து கண்ணாடியடியில் நின்று, "தம்பி, இவர் எவ்வளவு விட்டவர்?" என்று கேட்டார். வாடிக்கையாளரின் கணக்கை வேறொருவருக்குச் சொல்லக்கூடாது என்பது வேலை விதி. என்னால் அவருக்குச் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

கடைகளின் வரலாறு

இந்த நாட்டில் பெற்றிங் கடை பழைய வழக்கம் அல்ல. 1906-ஆம் ஆண்டுச் சட்டம் தெருவில் பந்தயம் பிடிப்பதைத் தடைசெய்தது. பணக்காரர் கணக்கு வைத்துக் கடனில் பந்தயம் கட்டலாம், குதிரைத் திடலுக்குப் போயும் கட்டலாம். கிழக்கு லண்டன் தொழிலாளிக்கு அது குற்றம். அவர் தெருமுனையில் நின்ற ஆளிடம் பொலிசுக்கு ஒளித்துத் துண்டு கொடுத்தார். 1960-இல் புதிய சட்டம் வந்து, 1961 மே 1-ஆம் திகதி முதல் கடைகள் சட்டபூர்வமாகத் திறந்தன. ஆட்களை அதிகநேரம் மறிக்கக்கூடாது என்று அவற்றுக்குப் பல கட்டுப்பாடு. ரீவி வைக்க அனுமதி கிடைத்ததே 1986-இல்தான். 2005-ஆம் ஆண்டுச் சட்டம் 2007 செப்ரெம்பரில் நடைமுறைக்கு வந்தபோது, ஒரு இடத்தில் இன்னொரு கடைக்குத் தேவை இருக்கிறதா என்று பார்க்கும் பழைய நிபந்தனை போய்விட்டது.

அதன் பலனை எங்கள் நியூஹாமில் கண்ணால் கண்டோம். ஈஸ்ற்ஹாம் பெருந்தெருவில் கடைக்குப் பக்கத்தில் கடை. ஒரு காலத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட பெற்றிங் கடைகள் இந்த ஒரு நகரசபைப் பகுதிக்குள் இருந்தன. வசதி குறைந்த இடத்தைப் பார்த்தே அவை வந்தன. உண்மையான வருமானம் கோல்பிலோ குதிரையிலோ இல்லை. ஒரு சுற்றுக்கு நூறு பவுண் வரை விழுங்கிய மெஷின்களில்தான். நியூஹாம் நகரசபை புதிய கடையொன்றுக்கு அனுமதி மறுத்து 2013-இல் நீதிமன்றத்தில் தோற்றது. சும்மா இருக்கவில்லை. 2014-இல் மொத்தம் 93 நகரசபைகளின் ஆதரவைத் திரட்டி, மெஷினில் ஒரு சுற்றின் உச்சத்தொகையை இரண்டு பவுணாக்கும்படி அரசைக் கேட்டது. அரசு முதலில் மறுத்தது. ஈற்றில் 2019 ஏப்ரல் 1-ஆம் திகதி அதே இரண்டு பவுண் நாடு முழுவதற்கும் சட்டமானது. எங்கள் வட்டாரம் கேட்ட கேள்விக்கு நாடு கொடுத்த பதில் அது. அகதிகளாக வந்த எங்களுக்கு உள்ளூர் அரசியல் எதற்கு என்பவர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம்.

2020 ஏப்ரல் முதல் கிரெடிற் காட்டில் பந்தயம் கட்டவும் முடியாது. ஆனால் கடை இப்போது கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. நான்கு நாள் ஓப்பனில் ஒவ்வொரு குழிக்கும், ஒவ்வொரு அடிக்கும் பந்தயம் கட்டலாம். பிள்ளையின் அறைக் கதவு சாத்தியிருந்தால் பெற்றோருக்குத் தெரியாது. தகப்பனின் தொலைபேசிக்குள் இருப்பதும் பிள்ளைகளுக்குத் தெரியாது.

ஒரு தகப்பன் வென்ற பந்தயம்

ஓப்பனில் வென்ற பந்தயம் என்றால் பலரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. வட அயர்லாந்தின் ஜெறி மக்கில்றோய், தன் மகன் றோறிக்குப் பதினைந்து வயதாக இருக்கையில், 26 வயதுக்குமுன் அவன் ஓப்பனை வெல்வான் என்று 200 பவுண் கட்டினார். விகிதம் 500-க்கு 1. 2014-இல் ஹொய்லேக்கில் 25 வயது றோறி வென்றார். தகப்பனுக்கு ஒரு இலட்சம் பவுண்.

இந்தக் கதையைக் கடையில் நூறுதரம் கேட்டிருக்கிறேன். சொல்லாமல் விடும் பகுதியை நான் சொல்கிறேன். அந்தத் தகப்பன் மகனின் பயிற்சிக்காகத் துப்புரவு வேலையும் மதுச்சாலை வேலையும் மாறி மாறிச் செய்தவர். தாய் தொழிற்சாலையில் இரவு வேலை செய்தவர். இரண்டு வேலை, இரவு வேலை என்றால் என்னவென்று எங்கள் வீடுகளுக்குத் தெரியும். பெற்றோல் நிலையத்திலும் பண்டகசாலையிலும் நின்று பிள்ளைகளை வைத்தியராகவும் கணக்காளராகவும் ஆக்கியவர்கள் நாங்கள். அந்தத் தகப்பன் உண்மையில் பந்தயம் வைத்தது அந்த உழைப்பைத்தான். இருநூறு பவுண் அதன் ஓரத்தில் வைத்த ஒரு வேடிக்கை. அது போயிருந்தாலும் அந்த வீட்டில் அடுப்பு எரிந்திருக்கும்.

பந்தயம் கட்டுகிறவர்கள் தங்களைத் தாங்களே கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்தக் காசு போனால் வீட்டில் அடுப்பு எரியுமா? எரியும் என்றால், ஓப்பன் நாட்களில் ஒரு ஐந்து பவுணோடு ரீவிக்கு முன்னால் இருந்து கடல்காற்றில் பந்து போகும் அழகைப் பார்ப்பதில் தவறில்லை. எரியாது என்றால், விட்டதை எடுக்கலாம் என்று திரும்பப் போகாதீர்கள். வள்ளுவர் சூதுக்கென்று 94-ஆம் அதிகாரத்தை ஒதுக்கியிருக்கிறார். தருமர் நாட்டை இழந்த கதையும் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். ஆனால் எங்கள் வீட்டில் ஒருவருக்கு அந்த நோய் வந்தால் மானம் போய்விடும் என்று மூடி மறைக்கிறோம். மறைக்க மறைக்கக் கடன் வளரும்.

உதவி இருக்கிறது. இந்த நாட்டில் உரிமம் பெற்ற இணையப் பந்தயத் தளங்கள் எல்லாவற்றிலிருந்தும் ஒரே பதிவில் விலகுவதற்கு 'காம்ஸ்ரொப்' என்ற இலவசத் திட்டம் உண்டு. வீதிக் கடைகளிலிருந்து விலகவும் தனியான திட்டம் உண்டு, கடையில் கேட்டால் சொல்ல வேண்டும். 'காம்கெயர்' அமைப்பு பந்தயம் ஆடுபவரோடு மட்டுமல்ல, அவருடைய குடும்பத்தாரோடும் பேசும். ஆங்கிலம் பேசத் தயங்குகிறவர்கள் குடும்ப வைத்தியரிடம் சொல்லலாம், மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். கண்ணாடியடியில் வந்து கேட்ட அந்தத் தங்கச்சிக்கு அன்று இவற்றில் பல இருக்கவில்லை. இன்று இருக்கின்றன. தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள்.